சூடு ஆறாத குட்டி

அந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த அம்மாள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.

சிட்டு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் காலை மிதித்தேன்.

சிட்டு என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான். திரும்பி வர இன்னும் நான்கு மாதம் ஆகும் என்பதால் எங்களோடு இருந்தாள். ஏழு மாத வயிறு. இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. ஒன்று மூன்றாம் மாதத்தில், ஒன்று ஐந்தில். இந்த மூன்றாவதாவது நல்லபடியாக வந்து சேர வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பே கிடையாது. எனக்குக் குழந்தை இல்லை. நாற்பத்துநாலு வயதில் என்னிடம் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நானும் சிட்டுவும் வீட்டின் பின்னறையில் சின்னச் சின்ன மிருக பொம்மைகள் வார்க்கிறோம். முயல், ஆமை, ஆந்தை, எல்லாம் உள்ளங்கை அளவு. ரப்பர் அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே இருக்கும் ஓட்டை வழியாகக் கரைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு முயல். அந்த அச்சுகளைச் செய்து தருகிறவள்தான் இந்த ஸ்வெட்டர் அம்மாள். தொழிலில் எல்லாரும் அச்சுக்காரம்மா என்பார்கள். இதுவரை போனில்தான் பழக்கம். தொழிலை விடப்போகிறேன், அச்செல்லாம் சும்மாவே தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஓசியில் பினாயில் கிடைத்தாலும் ஒரு பாட்டில் கேட்கிற குடும்பம் எங்களுடையது. உடனே கிளம்பிவிட்டோம்.

அவள் பட்டறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அந்த வெயிலில் நாற்காலி பக்கத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நனைந்த ரோமத்தின் வாசனை. அட்டைப் பெட்டியை அவள் என்னிடம் நீட்டியபோது விரல்கள் பட்டன. ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"பதினொண்ணுன்னு சொன்னீங்க. பன்னெண்டு இருக்கே?" என்றேன். பன்னிரண்டாவது, துண்டில் சுற்றி ஒரு மூலையில் இருந்தது.

"அது நாய்க்குட்டி. தூங்குற மாதிரி. நல்லா வரும்." அப்போதுதான் சிட்டு திரும்பினாள். அச்சுக்காரம்மாவின் பார்வை அவள் வயிற்றில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. "எத்தன மாசம்மா?"

"ஏழு."

"அப்ப அத மட்டும் வெச்சுட்டுப் போங்களேன்."

"குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதுங்க," என்று சிட்டு சிரித்துக்கொண்டே அந்தத் துண்டு மூட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அச்சுக்காரம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அந்த வாயை அன்றைக்கு அவள் திறந்திருக்கலாம். இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நாய்க்குட்டியை வார்த்தோம்.

எங்கள் தொழிலுக்கு ஜென்ம விரோதி குமிழி. ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் பொம்மையின் மூக்கிலேயே ஓட்டை விழும். அதனால் ஊற்றியவுடன் மேசையைத் தட்டுவோம். டக், டக், டக். காற்று மேலே வந்து உடைந்து போகும். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக் கதவ தினமும் யாரு தட்டுறது?" என்று கேட்டிருக்கிறாள்.

பத்துத் தட்டில் அடங்கும் குமிழி அன்றைக்கு அடங்கவில்லை. ஒன்று மேலே வரும், உடையும். கொஞ்சம் இடைவெளி. அடுத்தது வரும். நான் தட்டினேன், திரும்பவும் வந்தது. பிளாஸ்டர் இறுகி, மேற்பரப்பு மங்கிப் போகிறவரை அது நிற்கவில்லை.

"அச்சுல எங்கயோ ஓட்ட இருக்கும்," என்றேன்.

பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும். இருபது நிமிஷத்தில் நல்ல வெதுவெதுப்பு வரும். அப்புறம் மெல்ல ஆறிவிடும். ஆறியதும் அச்சைப் பிரிப்போம். நான் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், சூடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சூடு. பொறுமை எனக்குக் கூடப்பிறந்ததில்லை. அப்படியே பிரித்துவிட்டேன்.

ஒரு குமிழிகூட இல்லாமல் குட்டி வந்திருந்தது. சுருண்டு படுத்த, கண் திறக்காத, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டி. ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். பாதங்களின் அடியில் பட்டாணி அளவு மெத்தைகள். வயிற்றுக்கு நடுவில் காய்ந்த கொடியின் நுனி. களிமண்ணில் உருவம் பிடிக்கிற எவரும் அடிப்பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். தட்டையாக விட்டுவிடுவார்கள்.

"தொப்புள் கொடிகூட வெச்சிருக்காங்க அண்ணி," என்று சிட்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எவ்ளோ கதகதப்பா இருக்கு பாருங்க."

அவளுக்கு இடுப்பு வலி. அன்று மாலை அதை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். "சுடுதண்ணிப் பைக்கு வேல மிச்சம்," என்று நானும் கிண்டல் செய்தேன். செய்த வாயை என்ன செய்வது.

மறுநாளும் அது ஆறவில்லை.

வெயிலில் வைத்த பொருள் சூடாக இருப்பது வேறு. இது உள்ளிருந்து வருகிற சூடு. நான் அதை எடுத்து ஈர மணலில் புதைத்து வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் மணல் காய்ந்திருந்தது. சிட்டு என்னை முறைத்துக்கொண்டு அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் சால்வை கேட்டாள். வெளியே தார் உருகுகிற வெயில். நான் வியர்வையில் குளித்துக்கொண்டு ஆமைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பல் கிட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் கொஞ்சம் குறைவு என்றார். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் ஒன்று சொன்னார்: சாப்பிட்ட பிறகு படுத்துக்கொண்டு குழந்தையின் உதையை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். குறைந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும்.

எங்கள் பட்டறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினோம். முதல் நாள் பன்னிரண்டு. அடுத்த நாள் பதினொன்று. அடுத்த நாள் சரியாகப் பத்து. பத்தாவது கோடு போடும்போது இரண்டு மணி நேரம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது.

"அத மடியில வெச்சுக்காத சிட்டு," என்றேன்.

"எதுக்கு?"

எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். "பிளாஸ்டர் தூசி, ஒனக்கு ஆகாது," என்று அவள் மடியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

மிக மெல்லிய சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது. கதவுக் கீல் முனகுகிற மாதிரி, நீளமாக, நடுவில் மூச்சு வாங்கி.

அப்புறம் பலகையை நகத்தால் பிராண்டுகிற சத்தம்.

"கேட்டீங்களா?" சிட்டு கிசுகிசுத்தாள். "எடுத்தா அழுவுது அண்ணி. மூணு நாளா இப்படித்தான். குளுருதாம்."

"யாரு சொன்னா?"

அவள் அலமாரிப் பக்கம் கை காட்டினாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. நான் திறக்கவில்லை, அவளும் நாற்காலியை விட்டு எழவில்லை.

மறுநாள் மதியம். என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். சிட்டு சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக் கட்டிலில் படுத்தாள். நான் பென்சிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சால்வைக்குள் அவள் எதையோ கட்டிக்கொண்டு படுத்திருப்பது தெரிந்தது. பிடுங்கினால் அவள் அழுவாள் என்று விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம். ஒரு கோடு.

ஒரு மணி நேரம். அதே ஒரு கோடு.

"சிட்டு, இடது பக்கம் திரும்பிப் படு. தண்ணி குடி."

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணைத் திறக்காமலே, "தூங்குறான் அண்ணி," என்றாள். வயிற்றில் கை வைத்தேன்.

வயிறு ஜில்லென்று இருந்தது.

ஒன்றரை மணி நேரம். ஒரே கோடு. அதற்கு மேல் நான் காத்திருக்கவில்லை. டாக்சிக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷம் என்றான். அந்தப் பத்து நிமிஷத்தில் அச்சுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். குரல் தெளிவாக இருந்தது. பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அந்த நாய்க்குட்டி என்ன? உண்மையச் சொல்லுங்க. இங்க ஒரு உசுரு ஊசலாடுது."

"அது செஞ்ச உருவம் இல்லம்மா," என்றாள். "பட்டறைக்குப் பின்னாடி ஒரு நாய் ஏழு குட்டி போட்டுச்சு. இது மட்டும் ஓரமா ஒதுங்கி கெடந்துச்சு. தூக்கிப் பாத்தேன், கல்லு மாதிரி ஜில்லுனு. செத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஆனா சுருண்டு கெடந்த அழகு இருக்கே, நம்ம கையால புடிச்சா வருமா அது? பொதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு அச்சு எடுத்துடலாம்னு பெட்டிக்குள்ள வெச்சு ரப்பர ஊத்துனேன்."

"சரி."

"குமிழி வந்துச்சு."

நான் எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"மேசையத் தட்டுனேன். நாம தட்டுவோம்ல? திரும்ப வந்துச்சு. தட்டுனேன். விட்டு விட்டு வந்துகிட்டே இருந்துச்சு. நல்லாக் காத்து வெளிய போகுது, அச்சு சுத்தமா வரும்னு சந்தோஷப்பட்டு நின்னு தட்டிக்கிட்டே இருந்தேன். நின்னதும் கைகழுவிட்டு காப்பி போட்டுக் குடிச்சேன்." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள். "குளுருல வெறைச்ச குட்டி செத்த மாதிரிதான் கெடக்கும், கொஞ்சம் சூடு காட்டினா எழுந்துக்கும்னு அப்புறமா ஒரு மாட்டு டாக்டர் சொன்னாரு."

"கடவுளே."

"அந்த அச்ச அறுத்துப் போட்டுடப் பாத்தேன். கத்தி வெச்சதும் எனக்கு நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுது. பாதியில விட்டுட்டேன். அது ஒண்ணும் கெட்டது இல்லம்மா. அதுக்கு சூடு வேணும், அவ்ளோதான். யாருகிட்ட ஒட்டிக்குதோ அவங்ககிட்டேருந்து எடுத்துக்கும். என்கிட்ட ரெண்டு வருஷம் எடுத்துச்சு. எனக்கு முடியல."

"வயித்துப் புள்ளக்காரின்னு தெரிஞ்சும் குடுத்தீங்களே! நீங்களும் ஒரு மனுஷியா?"

"திருப்பிக் கேட்டேனே," என்றாள்.

போனை வீசினேன். ஓடிப்போய்ச் சால்வையை விலக்கினேன். குட்டி அவள் அடிவயிற்றோடு ஒட்டியிருந்தது. அச்சிலிருந்து எடுத்தபோது முன்னங்காலில் தலை சாய்த்துச் சுருண்டிருந்த குட்டி இப்போது கால்களை நீட்டி வயிற்றை அணைத்திருந்தது.

பிளாஸ்டர். வெள்ளைப் பிளாஸ்டர். என் கையால் கரைத்து ஊற்றியது.

பிடித்து இழுத்தேன். கை சுட்டது. அது வரவில்லை. சிட்டு தூக்கத்திலேயே "ம்ம்ம்" என்று வலியில் முனகினாள். மேசைமேல் சுத்தியல் இருந்தது. எடுத்து ஓங்கினேன். ஓங்கியபோதே அவள் மூச்சு தொண்டையில் சிக்கிக்கொண்டது. சுத்தியலைக் கீழே போட்டேன். அவள் மூச்சு திரும்ப வந்தது.

வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சுலபத்தில் அழுகிறவள் அல்ல. கட்டிலுக்கு அருகே தரையில் மண்டியிட்டேன். அந்தச் சின்ன வெள்ளைக் காதருகே வாயை வைத்தேன். ஒரு நாய்ப் பொம்மையிடம் கெஞ்சுகிறோமே என்ற வெட்கமெல்லாம் அப்போது எனக்கு இல்லை.

"அவகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குடா," என்றேன். "ரெண்டு பேருக்குப் பத்தாது. என்கிட்ட யாரும் இல்ல. என்கிட்ட வா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. நான் தள்ளிவிட மாட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். இந்த முறை பழுத்த பழம் காம்பை விடுகிற மாதிரி சுலபமாக வந்தது. சட்டைப் பொத்தானைத் திறந்து நெஞ்சோடு உள்ளே வைத்துக்கொண்டேன். எலும்புவரை ஒரு குளிர் ஓடியது. பல் கிட்டிக்கொண்டு சிட்டுவைத் தூக்கி நிறுத்தி, டாக்சிக்கு நடத்திக்கொண்டு போனேன்.

வண்டி இரண்டாவது திருப்பத்தில் திரும்பும்போது சிட்டு "அம்மா!" என்று கத்தினாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"உதைக்கிறான் அண்ணி! உதைக்கிறான்! படுபாவி, என்னமா உதைக்கிறான் பாருங்க!"

என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையில் ஒன்று விழுந்தது, உடனே இன்னொன்று. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பினான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவியில் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. எல்லாம் சரி, ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக்குள் கை விட்டேன். குட்டி ஆறிப் போயிருந்தது. மற்ற எந்தப் பொம்மையும் போல ஜில்லென்று, கனமாக இருந்தது. முன்னங்காலில் தலையைச் சாய்த்து, முதல் நாள் வந்த மாதிரியே சுருண்டிருந்தது.

அதையும் அந்த ரப்பர் அச்சையும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது, "போய்ட்டு வா," என்றேன். ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னது.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. எனக்கும் குளிரவில்லை. ஒன்பது மாதம் முடிந்து, ஒரு காலையில், மூன்று கிலோவில் பையன் பிறந்தான். சிட்டுவின் மூக்கு, என் வீட்டுக்காரரின் காது, பாவம் பிள்ளை. சிட்டு அவனை முதலில் என் கையில்தான் கொடுத்தாள். "இவன் உங்க புள்ள அண்ணி," என்றாள். நான், "போடி, ராத்திரி அழுதா மட்டும் என் புள்ளம்ப," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த வாரம்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை. பையன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பட்டறையில் ஆந்தைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். சிட்டு ஒரு தம்ளரோடு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, சட்டையில என்ன கொட்டிக்கிட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். நெஞ்சின் இடது பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன்.

பால்.

ஒரு பிள்ளையும் பெறாத, நாற்பத்துநாலு வயது உடம்பு என்னுடையது. சிட்டு தம்ளரை மேசையில் வைத்தாள். நான் துணியை எடுத்து அழுத்திப் பிடித்தேன். அப்போது சட்டைக்குள்ளே, எதுவுமே இல்லாத இடத்தில், ஈரமாகச் சில்லென்று ஒரு சின்ன மூக்கு என்னை முட்டி முட்டித் தேடியது.

"நீ போய் அவனப் பாரு," என்று சிட்டுவை அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, பொத்தானைத் திறந்தேன்.